ருசி பார்க்காத இரை

எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் சென்ற வேன்காரர், மீனுக்குப் போடும் இரையை முதலில் தான் சாப்பிட்டுப் பார்ப்பார். நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் துப்பும் வேலையில்லை. ஒரு உருண்டையை முழுதாக வாயில் போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து மென்று, விழுங்கி, அதன்பிறகு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றால்தான் தூண்டிலைக் கையில் எடுப்பார்.

நாங்கள் இருப்பது நாவுலயிலிருந்து உள்ளே போகும் பாதையில், நாலாம் மைல்கட்டையில். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில், பெரியவர்கள் நாங்கள் அவரை நானா என்றோம். பிள்ளைகள் அங்கிள் என்றார்கள். ஐம்பதைத் தொட்ட ஒல்லியான மனிதர். காலை ஏழரைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டால் மறுபடி ஒன்றரைக்குத்தான் ஏற்ற வேண்டும். இடையிலுள்ள ஆறு மணித்தியாலத்தையும் நீர்த்தேக்கத்துக் கரையில் கழிப்பார். சின்ன மீனில் அவருக்கு அக்கறையில்லை. திலாப்பியா கொத்தினால் முகம் சுளித்துக் கழற்றிவிட்டுவிடுவார். காத்திருப்பதெல்லாம் பெரிய கெண்டைக்கு. ஒரு தடவை பன்னிரண்டு கிலோவில் ஒன்றைப் பிடித்து, ஈரச்சாக்கில் சுற்றி, வேனின் பின் இருக்கையில் படுக்க வைத்துக்கொண்டே பிள்ளைகளை ஏற்ற வந்துவிட்டார்.

"அங்கிள், இதுக்கும் சீட் குடுத்தாச்சா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

"அதுக்கு அரை டிக்கட்தான். உன்ன மாதிரி சத்தம் போடாது" என்றிருக்கிறார். என் மகள் நிவேதா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மீன் பிடிக்கப் போகும் நாளில் சவர்க்காரம் தொடமாட்டார். மணலும் தேசிக்காய்த் தோலும் போட்டுத்தான் கை கழுவுவார். டீசல் அடிப்பதை முதல் நாள் பின்னேரமே முடித்துவிடுவார், கையில் மணம் ஒட்டக்கூடாது என்று. குரக்கன் மாவும் எள்ளும் புண்ணாக்கும் வாங்க மாதம் ஒரு தடவை தம்புள்ளைக்குப் போவார். ஒரு முறை நானும் வேலையாக அவருடன் போனேன். சாக்குச் சாக்காக நின்று, ஒவ்வொன்றிலும் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டே போனார்.

"நானா, நீங்க வாங்க வந்தீங்களா, பகல் சாப்பாட்டுக்கு வந்தீங்களா?" என்றான் கடைக்காரன்.

"மேல உள்ளத நீ தின்னு. அடியில உள்ளது ஊசிப்போயி ஈக்கி" என்றார். கடைக்காரன் சிரித்துக்கொண்டே வேறு சாக்கைத் திறந்தான். வாழைப்பழக் கடையிலும் அதே கதை. சீப்பைப் பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள். இவர் ஒன்றை உரித்து ஒரு கடி கடித்து, "இது மருந்தடிச்சுப் பழுத்தது" என்று வைத்துவிட்டு நடந்தார். அதையும் அடுத்த கடையில் அவர் வாங்கியதையும் நானும் கடித்துப் பார்த்தேன்; எனக்கு இரண்டும் ஒரே ருசியாகத்தான் இருந்தன.

ஏன் இவ்வளவு என்று அன்று கேட்டேன்.

"பெரிய கெண்டை வயசான மீன் சேர். அது எத்தினை பேர்ட தூண்டிலப் பாத்திருக்கும். வாயில எடுக்கும், ஒரு சொட்டு பழசு இருந்தாலும் துப்பிட்டுப் போயிரும். அது துப்பாத இரை வேணும்னா, நாம துப்பாத சாமான் வேணும்." கொஞ்ச நேரம் வேனை ஓட்டிவிட்டு, "அதோட, அந்த மீன நாமதானே தின்னப்போறோம்" என்றார்.

கண்டியிலிருந்து நாலைந்து பேர் விலையுயர்ந்த தூண்டில்களோடு கரைக்கு வந்த கதையை ஊரே சொல்லும். அவர்களிடம் வெளிநாட்டு இரை இருந்ததாம், பக்கெட்டில் அடைத்த சிவப்பு உருண்டைகள், ஸ்ட்ரோபரி மணம். நானா ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறார். வந்தவர்கள் தூண்டிலில் போடத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இவர் வாயில் போட்டு மென்று, ஓடிப்போய்த் தண்ணீரில் துப்பிவிட்டு, "தம்பிமாரே, உங்கட மீனுக்குக் குளிக்கச் சவர்க்காரம் குடுக்கிறீங்களா, தின்னக் குடுக்கிறீங்களா?" என்றாராம். பின்னேரம் அவர்கள் வெறுங்கையோடு போகும்போது இவர் தன்னுடைய மாவில் இரண்டு உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்பினார் என்பதையும் சொல்வார்கள்.

பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளையும் விடமாட்டார். வெயில் காலத்தில் வேனில் ஏறியதும் மூடியைத் திறக்கச் சொல்லி மணந்து பார்ப்பார். பருப்பு புளித்திருந்தால் அதை வாங்கி வைத்துவிட்டு, போகும் வழியில் பேக்கரியில் பணிஸ் வாங்கிக் கொடுப்பார். பிள்ளையின் தாயிடம் பின்னேரம் நேராகவே சொல்லுவார். என் மனைவி சுமதி அவருக்கென்று அனுப்பிய சீனிச் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி, வெங்காயம் நல்லம், உப்பு ரெண்டு தரம் போட்டீக்கீங்க" என்றார். அவளுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு இரவு அவளே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு போத்தலை மூடினாள்.

நான் பயந்த சுபாவமுள்ளவன். எங்களுக்கு நிவேதா ஒரே பிள்ளை. அவள் மாமரத்தில் ஏறினால் எனக்குக் கை வியர்க்கும். ஒரு நாள் அவள் வாயில் கருப்பட்டியும் ஏலக்காயும் மணக்க வந்து நின்றபோது, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "அங்கிளோட மீன் சாப்பாடு. சோளம். எல்லாருக்கும் ஒரு பிடி குடுத்தாரு" என்றாள். சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"மீனுக்குப் போடுறத பிள்ளைகளுக்குக் குடுக்கிறீங்களா நானா?"

அவர் தகர டின்னைக் கொண்டுவந்து திறந்தார். கருப்பட்டித் தண்ணீரில் வேகவைத்த சோளம், ஒவ்வொரு மணியும் பளபளவென்று. ஒரு பிடி அள்ளி என் கண்முன்னே சாப்பிட்டார். பிறகு டின்னை என் பக்கம் நீட்டினார். நானும் எடுத்தேன். என் அம்மா செய்யும் பலகாரத்தைவிட நன்றாக இருந்தது என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

"நான் தின்னு பாக்காத எதையும் உங்கட புள்ள வாயில விடமாட்டேன் சேர்" என்றார். அன்றிலிருந்து நான் கேட்பதை விட்டுவிட்டேன். எதிலும் நிம்மதிப்படாத நான், அந்த ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருந்தேன்.

நோன்பு மாதத்தில் அவருக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பகலில் எதையும் வாயில் வைக்க முடியாதே. அதனால் நோன்பு தொடங்குவதற்கு முதல் வாரமே ஒரு மாதத்துக்கான சாமான் எல்லாவற்றையும் வாங்கி, சாப்பிட்டுப் பார்த்து, டின்களில் அடைத்து, மூடியில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துவிடுவார். புள்ளி இருந்தால் அது சாப்பிட்டுப் பார்த்தது. அந்த மாதத்தில் புதிதாக ஒன்றும் வாங்கமாட்டார், யார் கொடுத்தாலும் எடுக்கமாட்டார். பசியோடு கரையில் உட்கார்ந்து கருப்பட்டி மணக்க மணக்கச் சோளம் அவிப்பது கஷ்டமில்லையா என்று கேட்டால், "மீன் நோம்பு புடிக்கல்லயே சேர்" என்பார்.

நான் சொல்ல வந்த நாள் அப்படியொரு நோன்பு மாதத்தில், இருபதாவது நோன்பைத் தாண்டிய ஒரு நாள்.

எங்கள் வீடு பாதையின் கடைசி. காலையில் முதலில் ஏறுவதும் பின்னேரம் கடைசியாக இறங்குவதும் நிவேதாதான். ஆறு மணி இருபதுக்கு வேன் வந்து நின்றது. நானா இறங்கி, மட்கார்டில் சாய்ந்து நின்றார். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன். சோள டின்னின் மூடியை எலி தள்ளித் திறந்து உள்ளே இறங்கியிருக்கிறது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பியபோதுதான் கண்டிருக்கிறார். அவ்வளவையும் குழி தோண்டிக் கொட்டிவிட்டார்.

"மூணு நாளா ஒரே இடத்துல சோளம் போட்டுப் பழக்கி வச்சீக்கிறேன் சேர். நேத்து பெரிய ஒண்டு மேல வந்து பொரண்டிச்சு. இவ்வளவு பெரிசு. இண்டைக்கு சோளம் போடாட்டி அது அந்தப் பக்கமே வராது. வேற என்னத்தப் போட்டாலும் சந்தேகப்படும்."

எனக்கு அவருக்கு உதவ வேண்டும் போலிருந்தது. நாலு வருடமாக என் பிள்ளையை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்த மனிதர். கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு வாளியில் சோளம் ஊறிக்கொண்டிருப்பதை முதல் நாள் பார்த்திருந்தேன். சுமதி கோழிகளுக்கென்று ஊறவைத்தது. அவள் அப்போது கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். நான் போய் ஒரு சட்டி நிறைய அள்ளி, தண்ணீரை வடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

நானா சட்டிக்குள் பார்த்தார். விரலால் கிளறினார். "கொஞ்சம் சிவப்பாட்டம் ஈக்கி. இது தின்னுற சோளம்தானே சேர்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சுமதியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், முப்பது அடி தூரம். ஆனால் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். யாரும் எதையும் கேட்டால் பதில் சொல்லிப் பழகியவன்.

"தின்னுறதுதான் நானா. அது அப்படி ஒரு ஜாதி" என்றேன்.

அவர் ஒரு மணியை எடுத்து உதடு வரைக்கும் கொண்டுபோனார். அங்கே கை நின்றது. நோன்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மணியைத் திரும்பவும் சட்டியில் போட்டார்.

"சரி, சேர் சொன்னாப் போதும்" என்றார்.

பகல் இரண்டு மணி ஐந்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. பள்ளிக்கூடம் விட்டபின் எட்டாம் வகுப்புக்கு மேலதிக பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "சேர், புள்ள வாந்தி எடுக்கிறா. நான் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். வாங்க." அவ்வளவுதான் சொன்னார். குரலில் பதற்றமில்லை. அந்தப் பதற்றமின்மைதான் என்னைப் பயமுறுத்தியது. மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

நிவேதாவை ஒரு கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்மேல் நிற்கவில்லை. அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு தாதி அவள் தலையைப் பிடித்திருந்தாள். இளம் டாக்டர் ஒருவர் அவள் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானா கட்டிலின் கால்மாட்டில் சோள டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க வாந்தி.

நடந்ததை எனக்கும் டாக்டருக்கும் சேர்த்துச் சொன்னார். சிங்களத்தில் சொன்னார், டாக்டருக்கு விளங்க வேண்டும் என்று. காலையில் கரையில் வைத்து அந்தச் சோளத்தைக் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு அவித்திருக்கிறார். மிச்சத்தை டின்னில் போட்டு முன் இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறார். தான் சாப்பிட்டுப் பார்க்கவில்லை, அதனால் இன்றைக்கு யாரும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் துணியால் கட்டியும் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு முந்திய நிறுத்தத்தில், ஒரு சின்னப் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பாதை கடத்திவிட்டுத் திரும்பி வரும்போது நிவேதா மென்றுகொண்டிருந்திருக்கிறாள். எத்தனையோ நாள் சாப்பிட்ட ருசி. பசி வேறு.

"எவ்வளவு சாப்பிட்டிருப்பா?" டாக்டர் கேட்டார்.

"ரெண்டு பிடி. கூட இருக்கலாம்."

"இதுல என்னென்ன இருக்கு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

நானா சொன்னார். கருப்பட்டி நாவுலச் சந்தையில் இன்ன பொம்பிளையிடம் வாங்கியது, சாப்பிட்டுப் பார்த்தது. ஏலக்காய் வீட்டிலிருந்தது, சாப்பிட்டுப் பார்த்தது. உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் கரையிலுள்ள குழாய்க் கிணற்றில் அடித்தது, பிள்ளைகளும் குடிக்கிற தண்ணீர். ஒவ்வொன்றாக, விரல் மடக்கி. பிறகு, "சோளம்" என்றார்.

"சோளம் எங்க வாங்கினது?"

நானா பேசவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. போன போகத்தில் சோளம் விதைத்த மச்சான், மிஞ்சிய பையை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனது. "அண்ணன் விட்டுட்டுப் போன விதை, மருந்து போட்டது, நல்லா ஊறவச்சு ரெண்டு மூணு தரம் கழுவினா கோழிக்குப் போடலாமாம்" என்று சுமதி சொன்னது. நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு ம் என்றது. கொடுக்கும்போது உண்மையாகவே ஞாபகம் இல்லை. ஆனால் அங்கே, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், ஞாபகம் இருந்தது. முழுசாக இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று இன்றைக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் என்னுடைய மாணவன் ஒருவனின் தகப்பன் கையில் கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாதி என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டிருந்தாள். டாக்டரே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தரையில் ஒரு உடைந்த ஓடு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை மூச்சுவிடும் சத்தம் கரகரவென்று கேட்டது.

"கேக்கிறேனே" என்றார் டாக்டர். "என்னத்தைச் சாப்பிட்டாள்னு தெரியாம நான் என்ன மருந்து குடுக்கிறது? நேரம் போகுது."

நானா டின்னுக்குள் கைவிட்டார். ஒரு பிடி சோளத்தை எடுத்து வாயில் போட்டார்.

தாதி திகைத்துப்போனாள். "நானா, உங்களுக்கு நோன்பில்லையா?"

"இருந்திச்சு" என்றார்.

மென்றார். எப்போதும் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து மென்றார். டாக்டர் துப்பச் சொல்லிக் கையை நீட்டுவதற்குள் விழுங்கிவிட்டார். பிறகுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போகும்வரை நின்று பார்ப்பாரே, அப்படி.

"இது தின்னுற சோளமில்ல" என்றார். கையைத் திரும்பவும் டின்னுக்குள் விட்டார்.

"என் வீட்டுச் சோளம்" என்றேன். "விதைச் சோளம். மருந்து போட்டது. நான்தான் குடுத்தேன்."

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பையில் மருந்தின் பெயர் இருக்கும், உடனே வேண்டும் என்றார் டாக்டர். சுமதிக்கு அழைத்தேன். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, வேன் பிந்துகிறது என்று வாசலில் நின்றிருக்கிறாள்.

"கோழிக்கூட்டுக்குப் பின்னால உங்க அண்ணனோட விதைப் பை இருக்கும். அதுல எழுதியிருக்கிறத படம் எடுத்து இப்பவே அனுப்பு."

"ஏங்க?"

"நிவே தின்னுட்டா. நான்தான் நானாவுக்குக் குடுத்தேன்."

"நான் சொன்னேனே" என்றாள். கத்தவில்லை. ஓடும் சத்தம் கேட்டது. ஒன்றரை நிமிடத்தில் படம் வந்தது. முதல் படம் கலங்கியிருந்தது. இரண்டாவதில் எழுத்துத் தெரிந்தது. டாக்டர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். கரிக் கரைசல் கொடுத்தார்கள். ஊசி மேல் ஊசி. மாலை ஐந்து மணிபோல எச்சில் வழிவது குறைந்தது. ஆறு மணிக்கு அவள் என்னைப் பார்த்து, "அப்பா, அங்கிள் தொடாதேன்னுதான் சொன்னாரு" என்றாள். அந்தச் சொற்களை வாழ்நாளில் மறக்கமாட்டேன். சுமதி என் பக்கத்தில் நின்றாள். என் கையைப் பிடிக்கவில்லை, விலகவும் இல்லை.

நானாவையும் ஆண்கள் வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். வாந்தியும் தலைச்சுற்றும். டாக்டர் அவரை ஏசியது வெளியே வரைக்கும் கேட்டது. "நோம்ப பொறகு புடிச்சிக்கலாம் டாக்டர்" என்று அவர் சொன்னதும் கேட்டது. டாக்டர் ஏசியது நோன்பை விட்டதற்காக இல்லை.

நிவேதா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். நானா வார்டில் சேர்ந்த மறுநாள் காலையிலேயே கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று பிறகுதான் தெரிந்தது. நீர்த்தேக்கத்துக் கரைக்கு. அன்றைக்குக் காலையில் அவர் அந்தச் சோளத்தில் இரண்டு பிடியை மீனைப் பழக்குவதற்காகத் தண்ணீரில் எறிந்திருக்கிறார். அதைத் தின்ற மீனை யாராவது பிடித்துப் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுத்தால் என்ன செய்வது? ஐந்து நாள் கரையில் நின்று, தூண்டிலோடு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். "இந்தப் பக்கம் போடாதீங்க. என்ட இரையில நஞ்சு கலந்துட்டு." யாருடைய சோளம் என்று சொல்லவில்லை. தன்னுடைய இரை என்றுதான் சொன்னார்.

அந்தப் பேச்சு கரையிலிருந்து சந்திக்கு வந்து, சந்தியிலிருந்து பெற்றோரிடம் வந்தது. மீனுக்கு வைத்த நஞ்சை வேன்காரன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான் என்று அது மாறியிருந்தது. ஒரு வாரத்தில் பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் வேறு வேனுக்குப் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். பிள்ளைக்குச் சுகமில்லை என்று லீவு போட்டிருந்தேன். பேசுபவர்கள் என்னிடம் வந்து அனுதாபம் சொன்னார்கள். "நல்ல வேளை சேர், தெய்வம் காப்பாத்திச்சு. அந்த மனுசனைச் சும்மா விடக்கூடாது" என்றார்கள். எட்டு நாள் அந்த அனுதாபத்தை வாங்கிக்கொண்டேன். டாக்டரிடமும் மனைவியிடமும் உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் சுமதி நிவேதாவின் தலையை வாரிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சந்தியில எல்லாத் தாய்மாரும் இந்நேரம் நிப்பாங்க" என்றாள்.

போனேன். நின்றேன். சொன்னேன். விதைச் சோளம் என்னுடையது, தின்னுற சோளம் என்று சொன்னது நான், அவர் தொடக்கூடாதென்று சொல்லிக் கட்டி வைத்தார். ஒரு தாய் மட்டும், "நீங்க சயன்ஸ் சேர்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மூன்று பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அது போதவில்லை. மாத முடிவில் நானா பள்ளிக்கூட ஓட்டத்தை நிறுத்திவிட்டார். வேனின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போவதாகக் கேள்விப்பட்டு, ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருக்கைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

"புள்ள எப்பிடி?"

"நல்லா இருக்கா. சாப்பிடுறா."

"சந்தியில செல்லினீங்களாம். கேள்விப்பட்டேன்." அடுத்த இருக்கையின் ஆணிக்குக் குனிந்தார்.

நான் பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "டாக்டர் கேட்டப்போ ஏன் நானா என் பேரைச் சொல்லல்ல? நீங்க வாயில போட்டுத்தான் கண்டுபிடிக்கணுமா?"

"கண்டுபிடிக்கவா?" என்றார். "புள்ள முதல் வாந்தி எடுத்ததுமே எனக்கு விளங்கிட்டு. மத்தது எல்லாம் நான் தின்னு பாத்த சாமான். அது ஒண்டுதான் தின்னாதது."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

இருக்கையின் ஆணியைக் கழற்றி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நான் செல்லியிருந்தா நீங்க இல்லண்டு செல்லியிருப்பீங்க சேர்."

நான் இருக்கையின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"நீங்க இல்லண்டு சொன்னா, நான் ஓமெண்டு சொல்லணும். ரெண்டு பேரும் அங்க நிண்டு கத்திக்கிட்டிருந்தா புள்ளைக்கு எத்தினை நிமிஷம் போயிருக்கும்? டாக்டரும் பாவம், யார நம்புவாரு? வேன்காரனையா, மாஸ்டரையா?"

"அதுக்காகத்தான் தின்னீங்களா?"

"நீங்க பாத்துக்கிட்டு நிண்டீங்களே, அதுக்காகத்தான்."

இருக்கையைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தோம். கனமாக இருந்தது. நிமிர்ந்தபோது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் அப்பவும் வாயைத் திறக்காம நின்னிருந்தா?"

யோசித்துப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கு முன்பு தோன்றியிருக்கவில்லை போலும்.

"இன்னொரு பிடி தின்னிருப்பேன்" என்றார்.